பூவின் முதுகு

ஐயா, வணக்கம்.

போன மாதம் ஏற்காடு போனபோது சாலையோர மரத்திலிருந்து ஒரு வாண்டா ஆர்க்கிட்டைப் பெயர்த்து வந்தோம். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் நாலு நாளாக அதை வரைந்துகொண்டிருக்கிறாள். செல்போனில் ஒரு நொடியில் எடுப்பதற்கு இத்தனை நாளா? வரைவதென்றால் எந்தத் தாள், எந்த வண்ணம் வாங்கலாம்? தொட்டியில் நட்ட செடி வேறு வாடுகிறது.

எம்., அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள எம்.,

தாளும் வண்ணமும் கடைக்காரரே சொல்வார். செடியை மண்ணில் புதைத்தால் வாடாமல் என்ன செய்யும்? மரத்தில் தொற்றி வாழ்வது அது. வேரின் மேல் இருக்கும் வெள்ளைப் பஞ்சு உறை ஈரத்தை உறிஞ்சும். மழை பட்டதும் பச்சையாகும். மண்ணுக்குள் அழுகிப்போகும். இன்றைக்கே எடுத்து மாங்கிளையில் தேங்காய் நார் வைத்துக் கட்டுங்கள். இனிமேல் மலையில் கை வைக்காதீர்கள். ஏற்காட்டிலேயே அரசின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, பிள்ளையை அங்கே கூட்டிப்போய் உட்கார வையுங்கள்.

நாலு நாள் உங்களுக்கு அதிகமாகத் தெரிகிறது. உங்கள் கடிதம் வந்தபோது தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் தாவரப் படங்களைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். 1838 முதல் 1853 வரை சென்னையில் வெளியானவை, 2101 படங்கள். பெரும்பாலும் வண்ணமே கிடையாது, வெறும் கோடு. முதலில் ரங்கையா, பிறகு கோவிந்து என்று நம்மூர் ஓவியர்கள் வரைந்தது. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் 'கோவிந்தூயா' என்று பேர் வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதை ட்ரோபிடியா என்ற இன்னொரு பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

செல்போன் எடுப்பது ஒரு பூவை, ஒரு நொடியில், ஒரு பக்கத்திலிருந்து. வரைகிறவர் மொட்டு, பூ, காய் மூன்றையும் ஒரே தாளில் வைப்பார். உதட்டிதழைத் தனியே கழற்றிக் காட்டுவார், மகரந்த உருண்டையைப் பெரிதாக்குவார். பூச்சி அரித்த இலையை விட்டுவிட்டு நல்ல இலையைப் போடுவார். எதை விடுவது என்று தெரிவதற்கே நாலு நாள் போதாது ஐயா.

கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டுப் புளியமரத்தில் இதே வாண்டா இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் அதை வரைந்துகொண்டு போனேன்: பழுப்புக் கட்டம் போட்ட இதழ், ஊதா உதடு. "சாக்குப்பை நிறத்துல பூ இருக்குமாடா?" என்றார் டிராயிங் வாத்தியார். வகுப்பே சிரித்தது. நானும் அதன் மேலேயே ரோஸ் அடித்துக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் ஆத்திரத்தில் மரத்தில் ஏறி ஒரு பூவைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் பால் வெள்ளை! மூன்று நாள் பார்த்து வரைந்த எனக்கு அதுவரை அது தெரியாது. வாத்தியார் மேல் இருந்த கோபம் பாதி என் மேல் திரும்பியது.

மகள் பின்பக்கத்தையும் வரைந்திருக்கிறாளா? படத்தைத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். செல்போனில் எடுத்து அனுப்பினால் பார்க்க மாட்டேன்.