கேப்பிடல் லெட்டர் எங்கே வரும்? கேள்வி பதில்

கேள்வி: பெயர் என்றால் கேப்பிடல் என்று சொல்லிக் கொடுத்தேன். இப்போது மகள் டேபிள், டாக் எல்லாவற்றுக்கும் போடுகிறாள்.

பதில்: அவள் விதியைச் சரியாகத்தான் பின்பற்றுகிறாள், விதிதான் பாதி. பொதுப்பெயரையும் சிறப்புப்பெயரையும் ஜோடியாகக் கொடுங்கள்: சிட்டி–லண்டன், ரிவர்–நைல், கேர்ள்–அவளுடைய பெயர். ஒரு நாளைக்கு ஆறு ஜோடி போதும். "இந்த வகையில் எல்லாவற்றுக்கும் பொதுவா, ஒன்றுக்கு மட்டும் வைத்த பெயரா?" என்று அவளே கேட்டுப் பார்க்கட்டும். பிறகு இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள்: 'த நைல் இஸ் எ ரிவர்.' இது கைவந்த பிறகே 'நைல் ரிவர்'. அங்கே ரிவரும் பெயரோடு சேர்ந்துவிடுவதால் அதற்கும் கேப்பிடல். முதல் வாரத்திலேயே இதைச் சொன்னால் குழப்பம்தான்.

கேள்வி: மண்டே வாராவாரம் வருகிறதே, அது எப்படி ஒன்று மட்டும் ஆகும் என்கிறான் மகன்!

பதில்: நல்ல கேள்வி. அந்தச் சோதனை இங்கே உதவாது. 7 கிழமை, 12 மாதம் எல்லாம் கேப்பிடல். சம்மர், விண்டர் போன்ற பருவங்கள் ஸ்மால். மனப்பாடம்தான் வழி.

கேள்வி: 'மம்' (அம்மா) சில இடத்தில் பெரிதாகவும் சில இடத்தில் சிறிதாகவும் வருகிறதே?

பதில்: அந்த இடத்தில் ஆள் பெயரை வைத்துப் பாருங்கள். 'ஐ ஆஸ்க்ட் மம்' என்பதில் பெயர் பொருந்தும், அதனால் கேப்பிடல். 'மை மம்' என்பதில் பொருந்தாது, அதனால் ஸ்மால். டாட், கிராண்ட்மா எல்லாவற்றுக்கும் இதுவே.

கேள்வி: பாடங்களின் பெயர்?

பதில்: மேத்ஸ், ஹிஸ்டரி ஸ்மால். இங்கிலீஷ், பிரெஞ்ச் மொழிகள் என்பதால் கேப்பிடல்.

கேள்வி: மகன் 'ரேபிட்' (rabbit) எழுதும்போது நடுவில் பெரிய பி (B) போடுகிறான்.

பதில்: இதை இலக்கணப் பிழையாகத் திருத்தாதீர்கள். சின்ன பி (b), சின்ன டி (d) இரண்டும் திசை மாறிக் குழப்புவதால், பல பிள்ளைகள் குழம்பாத பெரிய எழுத்துக்கு ஓடிவிடுவார்கள். அந்த இரண்டுக்கும் தனியாகக் கையெழுத்துப் பயிற்சி வேண்டும். சி, ஓ, எஸ், வி, டபிள்யூ, எக்ஸ், இசட் ஏழிலும் வடிவம் ஒன்றே, உயரம்தான் வேறு. நான்கு கோடு நோட்டில் எழுதவைத்தால்தான் எதைப் போட்டான் என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: பயிற்சித்தாள் எப்படித் தயாரிப்பது?

பதில்: பெயரை வாக்கியத்தின் நடுவில் வையுங்கள். முதல் சொல்லாக இருந்தால், பெயர் என்று போட்டானா, வாக்கியத் தொடக்கம் என்று போட்டானா, கண்டுபிடிக்க முடியாது. நான்கு வரியை முழுக்க ஸ்மாலில் எழுதி, "ஐந்து இடம் விட்டுப்போயிருக்கிறது" என்று எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள். எண்ணிக்கை தெரியாவிட்டால், கண்ட இடத்தில் எல்லாம் போட்டுத் தள்ளுவார்கள்.