அரவிந்த் கண் மருத்துவமனை: கேட்டவையும் சொன்னவையும்

ஊரில் கண் முகாம்களுக்கு ஆள் சேர்த்துவிட்ட பழக்கம் உண்டு. தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: பெயரைப் பார்த்தால் ஆசிரமம் நடத்துவது மாதிரி இருக்கிறதே?

பதில்: ஆசிரமம் நடத்துவது இல்லை. ஆரம்பித்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. ஸ்ரீ அரவிந்தர் மேல் பக்தி கொண்டவர், அதனால் அந்தப் பெயர். அரசு வேலையில் 58 வயதில் ஓய்வு பெற்றதும் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கினார். கூடவே தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர் வெங்கடசாமி. அந்தக் கையாலேயே லட்சம் கண்களுக்கு மேல் ஆபரேஷன் செய்தார்!

கேள்வி: மதுரைக்குத்தான் வர வேண்டுமா?

பதில்: வேண்டாம். தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி, சென்னை, திருப்பதி என்று பல ஊர்களில் இருக்கிறது. சின்ன ஊர்களில் பார்வை மையங்களும் உண்டு. அங்கே பயிற்சி பெற்ற பெண்கள் பரிசோதிப்பார்கள், டாக்டர் கணினி வழியாகப் பேசுவார்.

கேள்வி: பலருக்குக் கண் ஆபரேஷனை இலவசமாகச் செய்தால் எப்படிக் கட்டுப்படியாகிறது? நன்கொடையா?

பதில்: பெரும்பாலும் கட்டணம் கொடுப்பவர்களின் பணம்தான். அப்புறம் வேலை செய்யும் விதம். ஆபரேஷன் தியேட்டரில் டாக்டருக்குப் பக்கத்தில் இரண்டு மேஜைகள். ஒருவருக்கு முடிவதற்குள் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். மைக்ராஸ்கோப்பைத் திருப்பினால் போதும், டாக்டர் காத்திருக்க வேண்டியதில்லை. புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸும் சொந்தத் தயாரிப்பு. வெளிநாட்டு லென்ஸ் நூறு டாலருக்கு மேல் விற்ற காலத்தில், 1992இல் ஆரோலேப் என்ற சொந்தத் தொழிற்சாலையைத் தொடங்கி, பத்து டாலர் அளவுக்கு இறக்கினார்கள். எனக்கு அதுதான் பெரிய சாதனையாகப் படுகிறது.

கேள்வி: இலவசம் என்றால் கத்துக்குட்டி டாக்டரிடம் தள்ளிவிடுவார்களோ?

பதில்: டாக்டர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்ப்பார்கள். வித்தியாசம் தங்குமிடத்தில்: இலவசப் பிரிவில் கூடத்தில் பாய், கட்டணப் பிரிவில் அறை. வருமானச் சான்று கேட்பதில்லை, எந்தப் பக்கம் என்பது உங்கள் விருப்பம். முகாம் வழியாகப் போனால் பஸ், சாப்பாடு, லென்ஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பு. என் பெரியம்மா ஒரு மஞ்சள் பையோடு போய்வந்தார், அவ்வளவுதான்.

கேள்வி: "புரை நன்றாக முற்றட்டும்" என்கிறார் அம்மா. காத்திருக்கலாமா?

பதில்: அது லென்ஸ் வைக்காத காலத்துப் பேச்சு. இப்போது முற்றவிட்டால் புரை கெட்டிப்பட்டு ஆபரேஷன்தான் சிரமமாகும். பார்வை மங்கக் காரணம் கண் நீர் அழுத்த நோயாக (கிளாக்கோமா) இருந்தால் இன்னும் மோசம், போன பார்வை திரும்பாது. சர்க்கரை உண்டென்றால் அதைச் சொல்லி, சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு, இந்த வாரமே கூட்டிப்போங்கள்.