பழைய வீட்டு வயரிங்: கேளுங்கள், சொல்கிறேன்

வீட்டு வயரிங்தான் என் பிழைப்பு, அதிலும் பெரும்பாலும் பழைய வீடுகள். படித்துவிட்டு நீங்களே ஸ்குரூ டிரைவரோடு கிளம்புவதற்காக இதைச் சொல்லவில்லை. வருகிற எலக்ட்ரீஷியனிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளத்தான். போர்டைத் திறந்து எட்டிப் பார்ப்பதானால்கூட முதலில் மெயினை இறக்கு, அப்புறம் டெஸ்டரால் பார்.

கும்பகோணம்: தாத்தா 1950களில் கட்டிய வீடு. சுவரில் தேக்குப் பட்டைக்குள் துணி சுற்றிய வயர் ஓடுகிறது. எல்லா விளக்கும் எரிகிறது. சுவிட்சுகளை மட்டும் மாற்றினால் போதுமா?

விளக்கு எரிவது வயர் நன்றாக இருப்பதற்கு அத்தாட்சி இல்லை. அந்தத் துணிக்குள் இருப்பது ரப்பர். இத்தனை வருடத்தில் அது காய்ந்து அப்பளமாகியிருக்கும். தொடாதவரை தாங்கும். சுவிட்ச் மாற்ற வயரை இழுத்து வளைத்ததும் உதிரும். அதனால்தான் சுவிட்சை மட்டும் மாற்றுவது வம்பு என்கிறேன். முதலில் கெட்டுப்போவது சீலிங் ரோஸும் (விளக்கு வயர் தொங்கும் கூரை மூடி) பல்பு ஹோல்டரும். குண்டு பல்பின் சூடு வருடக்கணக்கில் ஏறிய இடம் அது. மூடியைத் திருகினால் கறுப்புத் தூள் கொட்டும், உள்ளே இரண்டு கம்பியும் ஒட்டுத்துணி இல்லாமல் அக்கம்பக்கமாக நிற்கும்.

இன்னொன்று. அந்தக் காலத்துப் போர்டில் ஃபேஸுக்கு (கரண்ட் வரும் வயர்) ஒன்று, நியூட்ரலுக்கு (கரண்ட் திரும்பும் வயர்) ஒன்று என்று ஃபியூஸ் ஜோடியாக இருக்கும். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும், ஹோல்டரில் கரண்ட் அப்படியே நிற்கும். விளக்குதான் எரியவில்லையே என்று ஸ்டூல் போட்டு ஏறுபவர் கதி என்ன?

செய்யவேண்டியது: 500 வோல்ட் மெக்கர் (வயரின் உறையில் கசிவு இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு லைனாகப் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் பேச்சே இல்லை, மாற்றவேண்டும். பட்டை அழகு என்றால் காலியாக விட்டுவைத்து, புது வயரைப் பைப்பில் வேறு பாதையில் கொண்டுபோங்கள். எர்த் வயரையும் (கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோவது) சேர்த்து இழுங்கள். பழைய பட்டைக்குள் ஓடுவது இரண்டே வயர், எர்த் இருக்காது.

மதுரை: 1970களில் கட்டிய வீடு, அலுமினியம் வயர். புதிதாகப் போட்ட செம்பு வயரை அதோடு முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள்.

அந்த முறுக்குதான் சூடாகும் இடம். அலுமினியத்தின் மேல் மின்சாரத்தைத் தடுக்கும் ஒரு படலம் படியும். சூடாகி ஆறி, சூடாகி ஆறிப் பிடியும் தளரும். மெயினை இறக்கிப் பாருங்கள். டேப் பழுப்பேறி இளகியிருந்தால் அந்த லைனை உடனே மாற்றுங்கள். விளக்கு லைனுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5 சதுர மிமீ செம்பு வயர்.

சேலம்: 16 ஆம்பியர் எம்சிபி அடிக்கடி விழுகிறது. 32 போடலாமா?

கூடாது. எம்சிபி என்பது அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் தானாக விழும் சுவிட்ச், அது காப்பாற்றுவது வயரை. உள்ளே 1.5 வயரை வைத்துக்கொண்டு 32 போட்டால் எம்சிபி விழாது, சுவருக்குள் வயர் உருகும்.

சிவகங்கை: வீட்டில் எர்த் இல்லை. எலக்ட்ரீஷியன் மூன்று பின் சாக்கெட்டில் நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒரு சின்ன லூப் கொடுத்துவிட்டார். ஃபிரிட்ஜ் இப்போது ஷாக் அடிக்கவில்லை. சரிதானே?

இன்றே கழற்றச் சொல்லுங்கள். வெளியே எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால், எரிகிற எந்த பல்பு வழியாகவும் 230 வோல்ட் அந்த லூப்புக்கு வந்து ஃபிரிட்ஜ் கதவில் நிற்கும். ஃபிரிட்ஜில் பழுதே இருக்கவேண்டியதில்லை.

கோவை: பயமுறுத்தாதீர்கள் ஐயா. ஈபியே டிரான்ஸ்பார்மரில் நியூட்ரலை எர்த் பண்ணித்தானே அனுப்புகிறது? இரண்டும் ஒன்றுதான்.

டிரான்ஸ்பார்மரடியில் ஒன்றுதான். அங்கிருந்து உங்கள் ஃபிரிட்ஜ் வரை எத்தனை கம்பம், எத்தனை ஜம்பர் (கம்பத்தில் வயரோடு வயரை இணைக்கும் துண்டு), கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர், மீட்டர், மெயின் சுவிட்ச், சாக்கெட்டின் ஸ்குரூ! எது தளர்ந்தாலும் அதற்கு இப்பால் இருப்பது நியூட்ரல் இல்லை.

கோவை: இங்கிலாந்தில் இப்படித்தான் செய்கிறார்கள். படித்திருக்கிறேன்.

முழுக்கப் படியுங்கள் தம்பி. அங்கே பல வீடுகளில் மின்சாரம் கொடுப்பவரே, வீட்டின் மெயினுக்கு முன்னால், சப்ளை நுழையும் இடத்தில் இணைக்கிறார். அந்த நியூட்ரலையும் வழிநெடுகப் பல இடங்களில் எர்த் செய்திருக்கிறார்கள். சாக்கெட்டுக்குள் லூப் போட அங்கேயும் அனுமதி கிடையாது.

திருநெல்வேலி: குறுக்கே வருகிறேன். எங்கள் தெருவில் புயலுக்குப் பின் வயரை மாட்டியபோது ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிட்டன. பக்கத்து வீட்டில் இதே லூப். கிரைண்டரைத் தொட்ட அக்காவைத் தூக்கி அடித்தது.

நான் சொல்ல வந்த அடுத்த விஷயம் இதுதான். நியூட்ரல் அறுந்துபோகக்கூட வேண்டாம், ஃபேஸோடு இடம் மாறினாலே போதும். அந்த நொடியே சாமான் உடம்பெல்லாம் ஃபேஸ்.

கோவை: எங்கள் வீட்டில் இருபது வருடமாக லூப்தான். ஒன்றும் ஆகவில்லை.

லைன்மேன் இருபது வருடமாகச் சரியாக மாட்டியிருக்கிறார், அவருக்கு நன்றி சொல்லுங்கள். லூப்பைக் கழற்றுங்கள்.

சிவகங்கை: அப்படியானால் நான் என்ன செய்ய? எர்த் குழி மட்டும் தோண்டினால் போதுமா?

குழியும் வேண்டும், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் வெட்டிவிடும் சுவிட்ச்) வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கோடையில் காய்ந்த குழியின் தடை 20 ஓம் என்று வையுங்கள். கீசர் உடம்பில் ஃபேஸ் பட்டால் 230-ஐ 20-ஆல் வகுக்க, ஓடுவது 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் ஃபியூஸ் அதைச் சட்டை செய்யாது, கீசர் உடம்பு கரண்டோடு நிற்கும். ஆர்சிசிபிக்கு 0.03 ஆம்பியர் கசிந்தாலே போதும், வெட்டிவிடும். குழிக்கு இரண்டரை மீட்டர் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), சுற்றிலும் கரியும் உப்பும், வெயில் காலத்தில் தண்ணீர்.

வேலூர்: 20 ஆம்பியர் எம்சிபியை 40 ஆக்கலாமா?

சேலத்துக்குச் சொன்னதுதான்.

தஞ்சாவூர்: ஆர்சிசிபி போட்டதிலிருந்து நிற்கவே மாட்டேன் என்கிறது. எலக்ட்ரீஷியன் எடுத்துவிடலாம் என்கிறார்.

அது உண்மையைச் சொல்கிறது, நீங்கள் வாயை மூடப் பார்க்கிறீர்கள். எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். நின்றால் ஒவ்வொன்றாகச் செருகுங்கள். பெரும்பாலும் கீசர் அல்லது வாஷிங் மெஷினில் மாட்டும். எதுவும் செருகாமலே விழுந்தால் வயரில் கசிவு, மெக்கர் வைக்கவேண்டியதுதான். மாடிப்படி விளக்கைப் போட்டால் மட்டும் விழுகிறதா? ஃபேஸைக் கீழ் லைனிலும் நியூட்ரலை மாடி லைனிலும் எடுத்திருப்பார்கள். பழைய வீடுகளில் சகஜம். நியூட்ரலைப் பிரித்துச் சரிசெய்தால் தீர்ந்தது.

ஊர் சொல்லாதவர்: ஃபியூஸ் கட்டையில் கொஞ்சம் தடித்த கம்பி போட்டால்...

மூன்றாவது தடவை! கூடாது. 5 ஆம்பியருக்கு 0.2 மிமீ, 15 ஆம்பியருக்கு 0.5 மிமீ ஃபியூஸ் கம்பி. வயரிலிருந்து உருவிய நாலைந்து இழையை முறுக்கிப் போடுவது ஃபியூஸ் ஆகாது.

நாகர்கோவில்: மழை பெய்தால் மாடியில் துணி காயப்போடும் கம்பி கூசுகிறது.

யாரும் கிட்டப் போகாதீர்கள், உலர்ந்த குச்சியோடும் போகாதீர்கள். உள்ளே மெயினை இறக்கினால் மட்டும் போதாது. கசிவது சர்வீஸ் வயராக இருந்தால் அது மெயினுக்கு முன்னாலேயே இருக்கிறது. ஈபியின் புகார் மையம் மின்னகம், 94987 94987-இல் கூப்பிடுங்கள். சர்வீஸ் வயரைத் தாங்கும் பைப்பில் கம்பிக்கொடி கட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சரிசெய்தபின் நைலான் கயிறு கட்டுங்கள், அதையும் வேறு இடத்தில்.

ஈரோடு: சோலார் பேனல்...

என் வேலை இல்லை. தெரிந்தவரைக் கேளுங்கள்.

திருச்சி: நீங்கள் சொன்னபடி மெயினை இறக்கினேன். டெஸ்டர் எரிகிறது. டெஸ்டர் பழுதா?

அதற்குத்தான் "அப்புறம் டெஸ்டரால் பார்" என்று சேர்த்துச் சொன்னேன். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? மெயினை இறக்கினால் ஈபி கரண்ட் போய்விட்டது என்று நினைத்து அது தன் சப்ளையைக் கொடுக்கும். பழைய போர்டில் இன்வெர்ட்டர் லைனும் ஈபி லைனும் கலந்து கிடக்கும். இன்வெர்ட்டரையும் அணையுங்கள், அதிலிருந்து வீட்டுக்கு வெளியேறும் வயரைப் பிளக்கிலிருந்து பிடுங்குங்கள். டெஸ்டரை முதலில் வேலை செய்கிற வேறொரு சாக்கெட்டில், பக்கத்து வீடானாலும் சரி, எரிகிறதா என்று பார்த்துவிட்டு இங்கே வையுங்கள். அப்போதும் எரிந்தால் போர்டை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.