பைராலிசிஸ் பக்கம் போனால் பிழைப்பு ஓடுமா?

தாவரக் கழிவிலிருந்து ரசாயனம் எடுக்கும் துறைக்குத்தான் போவேன் என்று உங்கள் மகள் அடம்பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். போகட்டும். ஒரே ஒரு நிபந்தனை: இளநிலையில் 'பயோஎனர்ஜி' என்று பெயர் வைத்த பட்டம் எதுவும் வேண்டாம். கெமிக்கல் இன்ஜினியரிங் அல்லது வேதியியல் படிக்கட்டும். பைராலிசிஸை, அதாவது ஆக்சிஜன் இல்லாமல் சூடாக்கிச் சிதைக்கும் முறையை, முதுநிலையில் பார்த்துக்கொள்ளலாம்.

காரணம் இருக்கிறது. மரத்தூளையோ வைக்கோலையோ ஆக்சிஜன் இல்லாமல் சூடாக்கினால் எரியாது, சிதையும். 500 டிகிரி செல்சியஸ் அளவில் சட்டென்று சூடேற்றி, கிளம்பும் ஆவியை இரண்டு நொடிக்குள் குளிர்வித்தால், உலர்ந்த மரத்தூளின் எடையில் 60 முதல் 75 சதவீதம் வரை திரவமாகவே கிடைத்துவிடும். மெதுவாகச் சூடாக்கினால் கரிதான் கூடும்.

தலைவலி அதற்கப்புறம்தான். கரும்பழுப்பாக, புகைவாடையோடு இருக்கும் அந்தத் திரவத்தில், அதாவது பயோ ஆயிலில், நூற்றுக்கணக்கான சேர்மங்கள் கலந்து கிடக்கும். மரத்தின் முக்கியப் பொருள்களான மூன்றில், ஹெமிசெல்லுலோஸ் தந்த அசிட்டிக் அமிலம், செல்லுலோஸ் தந்த லெவோகுளுக்கோசான் என்ற சர்க்கரை வகை, லிக்னின் தந்த ஃபீனால் வகைகள், கூடவே கால் பங்கு தண்ணீர். பிஎச் 2, 3 என்று இருப்பதால் சாதாரண இரும்பை அரிக்கும். சும்மா வைத்திருந்தாலே நாளாக நாளாகக் கெட்டியாகும். கச்சா எண்ணெயைப் போலக் காய்ச்சி வடிக்கலாம் என்று இறங்கினால், பாதிவரைகூட அடியில் இறுகிப்போகும். மரத்தில் துளியளவு பொட்டாசியம் இருந்தாலே லெவோகுளுக்கோசான் குறைந்துவிடும். அதற்காகவே மூலப்பொருளை நீர்த்த அமிலத்தில் கழுவுகிறார்கள். சியோலைட் என்ற நுண்துளைக் கனிம வினையூக்கி வைத்து பென்சீன், டொலுவீன் எடுக்கலாம். ஆனால் வினையூக்கிமேல் கரி படிந்து சீக்கிரமே அதன் வேகம் செத்துவிடும்.

ஆக, இங்கே சம்பளம் எண்ணெய் எடுப்பவருக்கு அல்ல, அதைப் பிரித்துக் காட்டுபவருக்கு. பிரித்தெடுத்தல், வினைவேகவியல், வினையூக்கி, கலவையைப் பிரித்துக் காட்டும் ஜிசி-எம்எஸ் கருவியின் வரைபடத்தில் வரும் உச்சிகளை அடையாளம் காண்பது: இவை கைவந்தால் சுத்திகரிப்பு ஆலை, மருந்து, பெயின்ட், வாசனைப் பொருள் என்று எந்தக் கதவையும் தட்டலாம்.

அந்த மாற்றுவழி அவசியம். ஒருகாலத்தில் மெத்தனாலும் அசிட்டோனும் மரத்தைக் காய்ச்சித்தான் வந்தன. 1923-இல் ஜெர்மனியில் செயற்கை மெத்தனால் ஆலை ஓடத் தொடங்கியதும் மரம் தோற்றுப்போனது. இன்றும் கச்சா எண்ணெய் விலை சரிந்தால் இந்தத் துறைக்கு முதலீடு வறண்டுவிடும். நிலையாக விற்கிற சரக்கும் உண்டு: உணவுக்குப் புகைமணம் தரும் 'லிக்விட் ஸ்மோக்' இந்த வழியில் வருவதுதான். ஃபீனாலுக்குப் பதிலாக பயோ ஆயிலை ஒட்டுப்பலகைப் பசையில் சேர்க்கும் முயற்சிகளும் நடக்கின்றன.

ஆய்வுக்கூடம் தேர்ந்தெடுக்கும்போது பேராசிரியரின் கட்டுரை எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். ரியாக்டர் இடைவிடாமல் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, போட்ட எடைக்கும் வந்த எடைக்கும் கணக்கு ஒத்துப்போகிறதா, முன்னால் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். முனைவர் பட்டத்துக்குச் சேருமுன் ஒரு விடுமுறைக்கு இன்டர்ன்ஷிப் போய் வரட்டும். ஆவியைக் குளிர்விக்கும் கண்டென்சரில் தார் அடைத்தால் அதைக் கழற்றிக் கழுவும் வேலை எப்படியும் புதியவர் தலையில்தான் விழும்; துணியில் ஏறும் அந்த வாடை லேசில் போகாது. அதற்குப் பிறகும் போவேன் என்றால், தாராளமாக அனுப்புங்கள்.