கார் ஆம்ப்ளிஃபையரில் 'புரொடெக்ட்' விளக்கு எரிந்து சத்தம் நின்றுவிட்டது. நாமே சரி செய்ய முடியுமா?

நீங்கள் சொன்னது இதுதான்: நான்கு சேனல் ஆம்ப் (ஸ்பீக்கருக்கு நான்கு தனித்தனி அவுட்புட்), மூன்று வருடமாக நன்றாகப் பாடியது. இப்போது கார் ஸ்டீரியோ செட்டை ஆன் செய்தால் சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது, சத்தம் இல்லை. கடையில் "போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள்.

முடியும். ஆனால் மூடியை இப்போதே கழற்றாதீர்கள். பதினைந்து வருடமாக வேன், கார் ஆடியோ ரிப்பேர்தான் என் வேலை. போர்டு போய்விட்டது என்று சொல்லி என் மேஜைக்கு வந்த பல ஆம்ப்களில் உள்ளே ஒரு குறையும் இருந்ததில்லை. கோளாறு வண்டியில் இருந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தால் ஆம்ப் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அது தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. ஸ்பீக்கர் வயர் எங்கோ ஷார்ட், பேட்டரி சப்ளை போதவில்லை, சூடு ஏறிவிட்டது, உள்ளே ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட். காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று. முதல் மூன்றுக்கு மூடியைத் திறக்கவே வேண்டாம்.

ஸ்பீக்கர் வயர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். செட்டிலிருந்து பாட்டு சிக்னலைக் கொண்டுவரும் ஆர்சிஏ வயரையும் பிடுங்கிவிடுங்கள். பேட்டரி, எர்த், ரிமோட் (செட் ஆன் ஆனதும் ஆம்பை எழுப்பும் வயர்) ஆகிய மூன்று வயர் மட்டும் இருக்கட்டும். இப்போது ஆன் செய்யுங்கள். சிவப்பு போய் பச்சை வந்தால் ஆம்ப் நன்றாக இருக்கிறது. ஆஃப் செய்து, ஒவ்வொரு வயராக மாட்டி, மறுபடி ஆன் செய்து பாருங்கள். எந்த வயரில் சிவப்பு வருகிறதோ அங்கேதான் பிரச்சினை. நான் அதிகம் பார்த்த இடம் கதவுக் கீல். கதவு திறந்து மூடி, திறந்து மூடி, அங்கே வயரின் மேல்தோல் தேய்ந்து செம்பு தகரத்தில் உரசும். மல்டிமீட்டரில் ஸ்பீக்கர் வயருக்கும் வண்டி பாடிக்கும் இடையே பாருங்கள், எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை காட்டும், அது சரிதான்.

அடுத்து சப்ளை. பேட்டரியில் அளக்காதீர்கள், ஆம்பின் டெர்மினலிலேயே அளங்கள். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். பாட்டு ஓடும்போது 11க்குக் கீழே இறங்கினால் வயர் போதவில்லை, அல்லது எர்த் சரியில்லை. எர்த்தைத் தனியாகப் பார்க்க ஒரு வழி உண்டு. மீட்டரின் ஒரு முனையை ஆம்பின் எர்த் டெர்மினலிலும், இன்னொன்றை பேட்டரி நெகடிவிலும் வையுங்கள். பாட்டைச் சத்தமாக வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால், எர்த் போல்ட் இருக்கும் இடத்தில் பெயின்டைப் பளபளப்பாகச் சுரண்டி இறுக்குங்கள். செம்புப் பூச்சு போட்ட அலுமினிய வயரை நல்ல செம்பு வயர் என்று நம்பிப் போட்டவர்களுக்கும் இதே கதைதான். தடிமன் கண்ணுக்குத் தெரியும், கரண்ட் போகாது.

இதெல்லாம் சரியாக இருந்து, மூன்று வயர் மட்டும் இருக்கும்போதே சிவப்பு எரிந்தால், சரி, திறக்க வேண்டியதுதான்.

திறப்பதற்கு முன் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்று தேடி எடுங்கள், 12 வோல்ட் 55 வாட். அதை பேட்டரி பாசிட்டிவுக்கும் ஆம்புக்கும் நடுவே சீரீஸாகப் போடுங்கள், அதாவது கரண்ட் பல்பு வழியாகத்தான் ஆம்புக்குப் போக வேண்டும். உள்ளே எவ்வளவு பெரிய ஷார்ட் இருந்தாலும் நாலைந்து ஆம்பியருக்கு மேல் போகாது, பல்பு எரிந்து உங்களைக் காப்பாற்றும். ஆன் செய்ததும் ஒரு கணம் மின்னி மங்கினால் நல்ல அறிகுறி, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கண்டன்சர்கள் நிரம்புகின்றன என்று பொருள். முழு வெளிச்சத்தில் நின்றால் ஷார்ட் இருக்கிறது. கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே நொடியில் கொடுத்துவிடும், பல்பு இல்லாமல் சோதிக்கவே சோதிக்காதீர்கள்.

12 வோல்ட்டை மட்டும் வைத்து 4 ஓம் ஸ்பீக்கரில் இருபது வாட் சொச்சம்தான் எடுக்க முடியும். அதனால் ஆம்புக்குள் ஒரு சப்ளை இருக்கிறது. வரிசையாக நிற்கும் மாஸ்பெட்கள் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்கள்) பேட்டரி கரண்டை நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி, வளைய டிரான்ஸ்பார்மர் வழியாக பிளஸ் 30, மைனஸ் 30 வோல்ட் போல ஏற்றிக் கொடுக்கின்றன. அந்த மாஸ்பெட்கள் பல ஆம்ப்களில் ஐஆர்எஃப்இசட்44என், அவற்றை ஓட்டும் ஐசி டிஎல்494. வேலை முடிந்த பிறகும் கண்டன்சர்களில் கரண்ட் தங்கும். 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றால் அதை இறக்கிவிட்டுக் கை வையுங்கள்.

போவது பெரும்பாலும் இந்த மாஸ்பெட்கள்தான். மாஸ்பெட்டுக்கு டிரெயின், சோர்ஸ், கேட் என்று மூன்று கால். மீட்டரை பஸ்ஸரில் வைத்து டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவே பாருங்கள். கத்தினால் ஷார்ட். ஒரு வரிசையில் ஒன்று போனாலும் பக்கத்தில் இருப்பவை எல்லாம் ஷார்ட் போலவே காட்டும், கழற்றிப் பார்த்தால்தான் எது என்று தெரியும். வரிசை முழுவதையும் மாற்றுங்கள். ஒரே கம்பெனி, ஒரே லாட்டாக இருக்கட்டும். பெரிசு நல்லது என்று நினைத்து ஐஆர்எஃப்3205 போடுகிறவர்கள் உண்டு. அது அதிக ஆம்பியர் தாங்கும், உண்மைதான். ஆனால் அதைத் திறந்து மூடும் காலான கேட்டை நிரப்ப இரண்டு மடங்குக்கு மேல் சார்ஜ் வேண்டும். போர்டில் இருக்கும் பழைய டிரைவர் சர்க்யூட்டால் அதை வேகமாகத் திறந்து மூட முடியாது, சூடேறி மறுபடி போகும்.

அப்புறம் கேட் ரெசிஸ்டர்கள். இதைப் பலர் பார்ப்பதில்லை. ஒவ்வொரு மாஸ்பெட்டின் கேட் காலுக்கும் முன்னால் 47 ஓம் போல ஒரு குட்டி ரெசிஸ்டர் இருக்கும். போன மாதம் ஒரு ஆம்பில் எட்டு இருந்தன. ஏழும் 47 காட்டின. எட்டாவது பார்க்க அதே மாதிரிதான், ஊதா நிறப் பட்டை மட்டும் லேசாகப் பழுப்பேறியிருந்தது. மீட்டர் வைத்தால் 2 கிலோ ஓமுக்கு மேல் காட்டியது. அதைக் கவனிக்காமல் புது மாஸ்பெட் போட்டிருந்தால், அந்த ஒன்று மட்டும் அரைகுறையாகத் திறந்து எரிந்திருக்கும்.

புது மாஸ்பெட் போடுவதற்கு முன் அவுட்புட் பக்கத்தைப் பாருங்கள். அவுட்புட் டிரான்சிஸ்டர் ஒன்றோ, நடுவில் இருக்கும், ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிபயர் டையோடோ ஷார்ட் ஆகியிருந்தால், அந்தச் சுமையைத் தாங்காமல்தான் மாஸ்பெட் போயிருக்கும். முதலில் அதை மாற்ற வேண்டும். மாஸ்பெட்கள் கழற்றியிருக்கும்போதே பல்பு வழியாகச் சப்ளை கொடுத்து ஐசியைப் பாருங்கள். 12ஆம் காலில் பேட்டரி வோல்ட், 14ஆம் காலில் சரியாக 5 வோல்ட். 4ஆம் கால் 5 வோல்ட்டை ஒட்டி நின்றால் புரொடெக்ஷன் சர்க்யூட்தான் ஐசியை அமுக்கி வைத்திருக்கிறது. கேட் இடங்களில் இரண்டு வரிசையிலும் ஒரே அளவு வோல்ட் வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் டிரைவர் டிரான்சிஸ்டரைச் சந்தேகப்படுங்கள்.

மாட்டும்போது மைக்கா அல்லது சிலிக்கான் ஷீட்டை மறக்காதீர்கள். மாஸ்பெட்டின் உலோக முதுகு, சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க்கைத் தொடவே கூடாது.

இதைச் சொல்லியே ஆக வேண்டும். சில வருடங்களுக்கு முன் சுற்றுலா வேன் ஓட்டும் தம்பி ஒருவர் ஆம்பைக் கொண்டுவந்தார். மாஸ்பெட் எல்லாம் மாற்றி, மேஜையில் ஒரு வூஃபர் வைத்து இரண்டு மணி நேரம் பாடவிட்டுக் கொடுத்தேன். பதினெட்டாம் நாள் திரும்பி வந்தார்.

"அண்ணே, நேத்து கொடைக்கானல் ஏறும்போது நின்னுடுச்சுண்ணே. வண்டி நிறைய பசங்க."

திறந்தேன். அதே வரிசை, அதே ஷார்ட். என் வேலையில் தப்பு தேடி ஒரு மணி நேரம் போனது. பிறகு எழுந்து வேனுக்குப் போனேன். பின்சீட்டுக்கு அடியில் இரண்டு வூஃபர், இரண்டையும் பேரலலாகச் சேர்த்து ஆம்பின் பிரிட்ஜில், அதாவது இரண்டு சேனலை ஒன்றாக்கிய அவுட்புட்டில், கொடுத்திருந்தார்கள். மீட்டர் 1.8 ஓம் காட்டியது. அந்த ஆம்பின் முதுகிலேயே பிரிட்ஜில் 4 ஓமுக்குக் குறையக் கூடாது என்று அச்சடித்திருந்தது. பிரிட்ஜில் ஒவ்வொரு சேனலும் பாதி ஓமைத்தான் பார்க்கும், அதாவது 1 ஓமுக்கும் குறைவு. மலையேறும் சூட்டில், முழு வால்யூமில், எந்த மாஸ்பெட்டும் தாங்காது. பிரிட்ஜை எடுத்துவிட்டு வூஃபருக்கு ஒரு சேனலாகப் பிரித்துக் கொடுத்தேன். "அதிர்வு கொஞ்சம் குறையும் தம்பி" என்றேன். "நிக்காம பாடினா போதும்ணே" என்றார். அன்று கூலி வாங்கவில்லை, வண்டியை முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது நான். அதற்குப் பிறகு ஆம்ப் மட்டும் தனியாக வந்தால், வூஃபரை எப்படி மாட்டியிருக்கிறார்கள் என்று கேட்காமல் கையில் வாங்குவதில்லை. அந்த ஆம்ப் இன்னும் அதே வேனில் பாடுகிறது.

உங்கள் ஆம்பைத் திறந்தபின் போர்டு ஒரு இடத்தில் கரியாகக் கருகியிருந்தால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். கரி கரண்ட் கடத்தும், புதுப் பொருள் போட்டாலும் நிற்காது. சேமியா போன்ற கால்களுள்ள குட்டி ஐசிகள் நிறைந்த புது வகை டி கிளாஸ் ஆம்பாக இருந்தாலும் பழக்கப்பட்ட கையிடம் கொடுப்பதே நல்லது. இன்னொன்று, பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆம்பைத் தொடும் முன் அதைப் போடுங்கள், அது இல்லாமல் வயர் உரசினால் வண்டியே தீப்பிடிக்கும்.

இன்றைக்கு ஸ்பீக்கர் வயரையும் ஆர்சிஏவையும் கழற்றும் சோதனையை மட்டும் செய்யுங்கள். சிவப்பு அணைந்ததா, எரிந்துகொண்டே இருந்ததா, ஆம்ப் டெர்மினலில் எத்தனை வோல்ட், ஸ்பீக்கர்களை எப்படி மாட்டியிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அதை வைத்து அடுத்து எங்கே மீட்டரை வைக்க வேண்டும் என்று சொல்கிறேன்.