ஒரே வளவில் இரண்டாவது வீடு கட்ட அனுமதி வேண்டுமா?

ஆம், வேண்டும். பெரிய வீடு நிற்கும் வளவிலேயே சமையலறை, குளியலறையோடு தனியாகக் குடியிருக்கக் கட்டும் சிறிய வீட்டைத்தான் இங்கே சொல்கிறேன். இலங்கையின் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் இது புதுசில்லை. மகளுக்குச் சீதனமாக வீட்டைக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் அதே வளவின் பின்பக்கம் ஒதுங்குவது பழைய வழக்கம்.

வளவு உங்களுடையதுதான். ஆனாலும் மாநகர சபையோ பிரதேச சபையோ வரைபடம் கேட்பதற்கு முக்கியமான காரணம் மண்ணுக்குக் கீழே இருக்கிறது. காத்தான்குடி, கல்முனைப் பக்கம் மணல் நிலம். நிலத்தடி நீர் மேலேயே கிடக்கும். இரண்டாவது வீடென்றால் இரண்டாவது மலசலகூடக் குழி. அதற்கும் கிணற்றுக்கும் வழமையாக 50 அடி இடைவெளி சொல்வார்கள். உங்கள் கிணற்றை மட்டும் பார்த்தால் போதாது, வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கிணறும் கணக்கில் வரும். சண்டை தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான்! அப்புறம் காற்று, வெளிச்சம், மழைநீர் இறங்க வெற்றிடம், பாதை அகலம் என்று மற்றவை.

வாவித் தோணியில் இன்னொருவரை ஏற்றும் முன் அது எவ்வளவு தாங்கும் என்று பார்ப்போமே, அதே கணக்குத்தான்.

கட்டட அனுமதி கிடைத்தால் பின்வீடு தனிச் சொத்தாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படியில்லை, அதைப் பிரித்து இன்னொருவர் பெயருக்கு எழுத நில அளவை, காணிப் பிரிப்புக்கான அங்கீகாரம், நொத்தாரிசு உறுதி எல்லாம் தனியாக வேண்டும்.