மாடித் தோட்டம்: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன், அக்கா. செடிப் பையின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, வெண்டை இலையின் நுனி கருகுகிறது. உரம் போதவில்லையா? (குமாரசாமிப்பேட்டை)

உரம் போடுவதை முதலில் நிறுத்துங்கள். அந்த வெள்ளை, தண்ணீரில் வந்த உப்பு. வெயிலில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். அதன் மேல் உரமும் போட்டால் இன்னும் கருகத்தான் செய்யும். நம் பக்கத்து மாடித் தோட்டங்களில் செடி சோர்ந்தால் பூச்சியையும் மண்ணையும் குறை சொல்கிறோம். நான் முதலில் பார்ப்பது தண்ணீரைத்தான்.

தினமும் மேலாக ஒரு சொம்பு தெளிக்கிற பழக்கம் உப்பைச் சேர்த்துக்கொண்டே போகும். மேல்மண் காய்ந்த பிறகு, அடி ஓட்டை வழியாக ஒழுகும் வரை நிதானமாக ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள், பை அதைத் திரும்ப உறிஞ்சக் கூடாது. வெள்ளை படிந்த மேல்மண்ணை ஒரு விரல் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துவிட்டு மட்கிய தொழு உரம் போடுங்கள். அதன் மேல் காய்ந்த இலை, கரும்புச் சக்கை ஏதாவது மூடாக்காக இருந்தால் தண்ணீர் ஆவியாவது குறையும், உப்பு மேலே ஏறுவதும் குறையும்.

மழை பெய்தால் பைகளை நனைய விடுங்கள், உப்பைக் கழுவிவிட அதைவிட நல்ல வழி இல்லை. மாடிக் குழாயின் கீழே ஒரு டிரம் வைத்தால் நாற்றுக்காவது மழைத் தண்ணீர் கிடைக்கும். ஒகேனக்கல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிலத்தடி நீரின் ஃப்ளோரைடால் நம் மக்கள் பட்ட பாட்டுக்காக வந்த குடிநீர் அது.

தண்ணீர் மாற வழியில்லை என்றால் பயிரை மாற்றுங்கள். பாலக்கீரையும் பீட்ரூட்டும் உப்பை ஓரளவு தாங்கும். பீன்ஸும் கேரட்டும் தாங்காது. மண் பரிசோதனை நிலையத்தில் தண்ணீரையும் கொடுத்துப் பார்க்கலாம். உப்பின் அளவு தெரிந்தால் எதை நடுவது என்று நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள்.

ஆர்.ஓ. மெஷினில் வெளியேறும் தண்ணீர் வீணாகிறதே, செடிக்கு ஊற்றலாமா? (பாலக்கோடு)

வேண்டாம். நீங்கள் குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வாசல் கழுவுங்கள். அரிசி கழுவிய தண்ணீர், ஏசி தண்ணீர் தாராளமாக ஊற்றலாம்.

சுரைக்கொடி நன்றாகப் படர்ந்திருக்கிறது. ஆனால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. மருந்து ஏதாவது? (கிருஷ்ணகிரி, பழையபேட்டை)

மருந்து வேண்டாம், மகரந்தம்தான் சேரவில்லை. பூவுக்கு அடியில் விரல் நுனி அளவு குட்டிக் காய் இருந்தால் அது பெண் பூ. வெறும் காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. கொடியில் முதலில் ஆண் பூக்கள்தான் வரும், அவை உதிர்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சுரை சாயங்காலம் பூக்கும், அந்துப்பூச்சிகள் வந்து வேலையை முடிக்கும். நகரத்து மாடிக்கு அவை வருவது குறைவு, அதனால் நாம் செய்ய வேண்டியதுதான். பொழுது சாயும்போது, அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து வெள்ளை இதழ்களை உரித்துவிடுங்கள். நடுவில் மஞ்சள் தூள் ஒட்டிய தண்டு நிற்கும். அதைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகச் சுற்றித் தடவுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூக்களுக்குப் போதும். சேர்ந்துவிட்டால் ஓரிரு நாளில் பிஞ்சு பச்சையாகவே பெருக்க ஆரம்பிக்கும்.

பீர்க்கனுக்கும் சாயங்காலம்தான். பூசணி விடியற்காலையில் பூத்து முற்பகலிலேயே மூடிவிடும், அதற்குக் காலையில் சீக்கிரம் எழுந்திருங்கள். பூ விரிந்திருக்கும் நேரத்தில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்காதீர்கள், வருகிற தேனீயும் வராமல் போய்விடும்.

தக்காளியின் அடிப்பாகம் கறுத்து அமுங்கிவிடுகிறது. முட்டை ஓடு போட்டும் கேட்கவில்லை. (அரூர்)

முட்டை ஓடு மட்கிக் கரைய மாதக்கணக்காகும், இந்தக் காய்ப்புக்கு உதவாது. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வரும் கறுப்பு இது. அந்தச் சத்து தண்ணீரோடு சேர்ந்துதான் செடிக்குள் ஏறும். ஒரு நாள் காயப்போட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் மண்ணில் எவ்வளவு இருந்தும் பயனில்லை. சின்னப் பை அரூர் வெயிலுக்கு மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஒரு செடிக்கு 12 அங்குலப் பையாவது வையுங்கள், ஈரம் ஒரே சீராக இருக்கட்டும். கறுத்த காய்களைக் கிள்ளிவிடுங்கள், அடுத்த கொத்து நன்றாக வரும்.

வாடகை வீடு. மாடி தாங்குமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். (தருமபுரி)

அவர் கேட்பது நியாயம். 12 அங்குலப் பை நனைந்தால் சுமார் 20 கிலோ இருக்கும். நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாகவே, செங்கல் மேல் வையுங்கள். செம்மண், தென்னை நார்க்கழிவு, தொழு உரம் மூன்றும் சம பங்கு கலந்தால் எடை குறையும். நார்க்கழிவிலும் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்த பிறகு கலக்குங்கள்.

பால்கனியில் மூன்று மணி நேரம்தான் வெயில் வருகிறது. ஓசூர் ஊராச்சே, ரோஜா வைக்கலாமா? (ஓசூர்)

ரோஜாவுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். வைத்தால் இலை மட்டும்தான் பார்ப்பீர்கள். புதினா, கொத்தமல்லி, வெந்தயக்கீரை வையுங்கள். ஓசூரின் குளிர்ச்சி கொத்தமல்லிக்கு நன்றாக ஒத்துவரும். மல்லியை இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து விதையுங்கள்.